எண் பொருந்தாத ராணுவ ரைபிள்: எந்தக் கலவைக்குப் பணம் கொடுக்கலாம்?

மேசையில் இரண்டு கார் 98கே ரைபிள்கள், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்தியவை. இரண்டின் ரிசீவர் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல்) வளையத்திலும் 'பி.ஒய்.எஃப் 41' என்ற குறி இருக்கிறது. ஓபெர்ன்டோர்ஃப் மவுசர் ஆலையில் 1941-இல் செய்தவை என்று பொருள். முதலாவதில் ரிசீவர், குழல், போல்ட் (பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பகுதி), டிரிகர் கார்டு, மேகசின் அடித்தகடு என எங்கே பார்த்தாலும் ஒரே எண். இரண்டாவதில் ரிசீவரும் குழலும் மட்டும்தான் ஒத்துப்போகின்றன. போல்ட்டின் கைப்பிடி அடியில் வேறு எண் அடித்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே ரிசீவரின் எண்ணை யாரோ மின்பென்சிலால் (உலோகத்தில் எழுதும் மின்கருவி) நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். மரக்கட்டை அரக்குப் பூச்சில் செம்பழுப்பாகப் பளபளக்கிறது. விற்பவர் இரண்டையும் 'மேட்சிங்', அதாவது எண்கள் ஒத்தவை, என்றுதான் சொல்வார். இரண்டாவதைப் பற்றி அவர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல, அங்கேதான் சிக்கல்.

பாகம் கலந்த ரைபிள் என்றாலே மட்டம் என்று புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டாம் உலகப்போர் ரைபிள்களில் பெரும்பகுதியைத் தொடவே முடியாது. பாகம் கலந்திருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், கலந்தது யார், எப்போது என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்தால் விலை சரியா என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

கலந்தவர்கள் யார் யார்

சில ரைபிள்கள் பிறக்கும்போதே கலவைதான். அமெரிக்க எம்1 கார்பைனை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மை ஒப்பந்ததாரர்கள் பத்துப் பேர், மொத்தம் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள். ஓர் ஆலையில் ஏதாவது பாகம் தட்டுப்பட்டால் உற்பத்தி நின்றுவிடக் கூடாது என்று இன்னோர் ஆலையின் இருப்பிலிருந்து அனுப்பிவைத்தார்கள். ஆகவே ஒரு கார்பைனில் இரண்டு மூன்று ஆலைகளின் குறிகள் இருப்பது முதல் நாள் நிலையாகவே இருக்கலாம். அதை 'திருத்தி' ஒரே ஆலையின் பாகங்களாக மாற்றுபவர், இல்லாத ஒரு துப்பாக்கியை உருவாக்குகிறார்.

பின்லாந்தின் எம்39 இன்னும் சுவாரசியம். அது ரஷ்ய ராணுவ ரைபிளான மோசினின் பின்லாந்து வடிவம்; ஆனால் பின்லாந்து மோசின் ரிசீவர்களைத் தானாகச் செய்ததே இல்லை. ரஷ்ய ராணுவத்தின் பழைய ரிசீவர்களை எடுத்து, சாகோ, வி.கே.டி. போன்ற தன் ஆலைகளில் செய்த புதுக் குழல்களைத் திருகி, புதுக் கட்டையில் பூட்டியது. ரஷ்ய ரிசீவர், பின்லாந்துக் குழல் என்ற கலவைதான் அதன் அசல் உருவம். கட்டையிலிருந்து கழற்றி ரிசீவர் வாலின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் 1890-களின் ஆண்டு கூடச் சில சமயம் இருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் 1899-க்கு முன் செய்த ரிசீவர் தொல்பொருள் வகையில் சேர்வதால், அந்த மறைந்திருக்கும் ஆண்டுக்கே அங்கே தனி விலை உண்டு. குழலில் 1942 என்று இருந்தாலும் கணக்கு ரிசீவருக்குத்தான்.

அடுத்தது படைப்பிரிவின் ஆயுதப் பழுதுபார்ப்பாளர். எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) உடைந்தால் கையில் கிடைத்ததைப் போட்டு ரைபிளை முன்வரிசைக்குத் திருப்பி அனுப்பியவர். இப்படி ஒன்றிரண்டு சிறு பாகங்கள் மட்டும் மாறிய ரைபிளை அனுபவசாலிகள் பெரிதாகக் குறைத்து மதிப்பதில்லை. முக்கியமான பாகங்கள் ஒத்திருக்கிறதா என்றே பார்ப்பார்கள்.

பிறகு ஆர்சனல், அதாவது அரசு ஆயுதக் கிடங்கு, செய்த மறுசீரமைப்பு. போர் முடிந்ததும் லட்சக்கணக்கான ரைபிள்களைக் குவித்துப் பிரித்து, தேய்ந்ததைக் கழித்து, மிஞ்சியதைக் கோத்து, புது எண் அடித்துக் கிடங்கில் அடுக்கினார்கள். கைப்பற்றிய எதிரி ஆயுதங்களுக்கும் இதே கதிதான், அக்கறை மட்டும் குறைவு.

கடைசியில் வருபவர் உபரிச் சந்தையின் தொழில்மேசைக்காரர். இறக்குமதி செய்த பெட்டியில் ரிசீவர்கள் ஒரு பக்கம், போல்ட்கள் ஒரு பக்கம் என்று வந்ததைக் கைக்கு வந்தபடி கோத்தவர். அல்லது வேட்டைக்காக முன்கட்டையை வெட்டிக் குறைத்த ரைபிளுக்கு மறுபடி முழுக்கட்டை பூட்டியவர். அல்லது எண்களையே புதிதாக அடித்தவர். இவர்களில் முதல் இருவர் வரலாற்றைக் குழப்புகிறார்கள், மூன்றாமவர் திருடுகிறார்.

கார் 98கே: மூன்று பாதை

முதல் பாதை, ஆலையில் அடித்த எண்களோடே இன்னும் இருப்பது. இந்த ரைபிளில்தான் எண் பொருத்தம் மிக அதிகமாக விலையைத் தூக்குகிறது. காரணம், அதைச் செய்த விதம். ரிசீவர், குழல், போல்ட், டிரிகர் கார்டு, அடித்தகடு, கட்டை ஆகியவற்றில் முழு எண். சேஃப்டி, எக்ஸ்ட்ராக்டர், ஃபாலோயர், வளையங்கள், சில திருகுகள் வரை கடைசி இரண்டு இலக்கங்கள். எண் நான்கு இலக்கத்தைத் தாண்டாது. பத்தாயிரத்தை எட்டியதும் அடுத்த எழுத்தைப் பின்னொட்டாக வைத்து மறுபடி 1-லிருந்து தொடங்கினார்கள். ஆகவே ஒரே ஆண்டில், ஒரே ஆலையில், ஒரே எண்ணுள்ள ரைபிள்கள் பல இருந்தன. தன் ரைபிளின் எண்ணையே தாங்கிய வேறொரு போல்ட்டைத் தேடிப்பிடித்துப் போட்டு 'முழு மேட்சிங்' என்று விற்பது இந்த ஓட்டை வழியாகத்தான் நடக்கிறது. போல்ட்டில் உள்ள கழுகுக் குறியின் ஆய்வு எண்ணைப் பாருங்கள். 1941-இல் செய்த ஓபெர்ன்டோர்ஃப் ரைபிள் என்றால் 655 அல்லது 135 இருக்க வேண்டும். வேறு ஆலையின் எண் இருந்தால் பொருத்தம் தற்செயல், அல்லது ஏற்பாடு.

ஒரு எச்சரிக்கை. போர் நெருக்க நெருக்க, சிறு பாகங்களுக்கு எண் அடிப்பதை ஆலைகள் படிப்படியாகக் கைவிட்டன. 1944, 45 ரைபிளில் எக்ஸ்ட்ராக்டரில் எண் இல்லாதது குறையல்ல. பளிச்சென்று இரண்டு இலக்கங்கள் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது பாதை, சேகரிப்பாளர்கள் 'ரஷ்யக் கைப்பற்றல்' என்று அழைக்கும் வகை. சோவியத் படை கைப்பற்றிய ரைபிள்களைக் கழற்றி, பாகங்களைக் கனத்த கருநீலப் பூச்சில் முக்கி, எண் பார்க்காமல் கோத்து, போல்ட்டிலும் அடித்தகட்டிலும் ரிசீவர் எண்ணை மின்பென்சிலால் எழுதி, கட்டைக்கு அரக்குப் பூசிக் கிடங்கில் போட்டது. ரிசீவரில் எக்ஸ் வடிவக் குறி ஒன்று இருக்கும். பூட்டுத் திருகுகளும் முன்சைட் மூடியும் சுத்தம் செய்யும் கம்பியும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பார்க்க முரடாக இருந்தாலும் இதில் இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. குழலை அவர்கள் பொதுவாகக் கழற்றவில்லை, ஆகவே ரிசீவரும் குழலும் அசல் ஜோடி. ஜெர்மானியக் குறிகளும் பல ரைபிள்களில் அப்படியே தப்பித்திருக்கின்றன. ஆலைக் குறியும் ஆண்டும் ஆய்வு முத்திரைகளும் கையில் வேண்டும், முழுப் பொருத்தத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவருக்கு இதைவிட நேர்மையான ரைபிள் கிடையாது. தன் கதையைத் தானே உடம்பில் எழுதிவைத்திருக்கிறது. மறைக்க எதுவும் இல்லை.

மூன்றாவது யுகோஸ்லாவியா மறுசீரமைத்தது. ரிசீவரின் ஜெர்மானிய எழுத்துகளை அரைத்து நீக்கிவிட்டு, தங்கள் சின்னத்தையும் 'மாடல் 98/48' என்ற பெயரையும் அடித்து, எல்லாப் பாகங்களுக்கும் ஒரே புது எண் கொடுத்தார்கள். வேலைப்பாடு ரஷ்ய வகையைவிடப் பல மடங்கு நேர்த்தி. எண்கள் எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் அது யுகோஸ்லாவியப் பொருத்தம், ஜெர்மானியப் பொருத்தம் அல்ல. 'முழு மேட்சிங் ஜெர்மன் மவுசர்' என்று இதை விற்றால் அது தவறு. சுட்டுப் பழக, ஒழுங்கான ரைபிள் ஒன்று வேண்டும் என்றால் நான் ரஷ்ய வகையைத் தாண்டி இதைத்தான் எடுக்கச் சொல்வேன். வரலாற்றுக் குறிகள் வேண்டும் என்றால் தலைகீழ்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று எம்48. அது யுகோஸ்லாவியா புதிதாகச் செய்த ரைபிள். ரிசீவர் கார் 98கே-யைவிடச் சற்றுக் குட்டை. எம்48-இன் போல்ட் கார் 98கே-க்குப் பொருந்தாது, எம்24/47-இன் போல்ட்டும் அப்படியே. 'மவுசர் போல்ட், எதற்கும் போகும்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கரண்ட்: எண்ணே இல்லாத இடத்தில் பொருத்தம் பேசுவது

அமெரிக்க ராணுவ ரைபிளான எம்1 கரண்டில் தொடர் எண் ரிசீவரில் மட்டும்தான். போல்ட்டில், டிரிகர் ஹவுசிங்கில், ஆப்பரேட்டிங் ராடில் (வாயு அழுத்தத்தால் நகர்ந்து போல்ட்டை இயக்கும் தண்டு) இருப்பவை வரைபட எண்கள். போல்ட் என்றால் டி28287, ஆப்பரேட்டிங் ராட் என்றால் டி35382, பிறகு ஒரு திருத்த எண், ஆலையைக் குறிக்கும் எழுத்துகள். ஆகவே கரண்டுக்கு 'மேட்சிங்' என்ற சொல்லே கிடையாது. அங்கே புழங்கும் சொல் 'கரெக்ட்', அதாவது அந்த ரிசீவர் எண் வெளிவந்த மாதத்தில் எந்தத் திருத்தப் பாகங்கள் போட்டார்களோ அவையே இப்போதும் இருக்கின்றன என்பது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 1943 ரிசீவருக்கு 1943-க்கு ஏற்ற பாகங்களைப் பத்து ரைபிள்களிலிருந்து பொறுக்கிப் பூட்டினாலும் அது 'கரெக்ட்'தான். அசல் ஆகாது.

அமெரிக்காவில் குடிமக்களுக்கு இந்த ரைபிள்களை விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் வகுத்த தரப் பெயர்களில் ராக், ஃபீல்டு, சர்வீஸ் என்பவை மறுசீரமைத்த கலவைகள். கரெக்ட், கலெக்டர் என்பவை மேல்தட்டு. கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையிலான விலை இடைவெளிதான் போலிகளின் பிழைப்பு.

ஸ்பிரிங்ஃபீல்டு கரண்டில் முதலில் பார்க்க வேண்டியது குழலின் தேதி. ஆப்பரேட்டிங் ராடைப் பின்னுக்கு இழுத்தால் வலப்பக்கம் மாதமும் ஆண்டும் தெரியும். அசலாக இருந்தால் ரிசீவர் செய்த மாதத்திலோ அதற்கு ஓரிரு மாதம் முன்போ இருக்கும். 1943 ரிசீவரில் 1951 குழல் என்றால் கொரியப் போர்க் காலத்து மறுசீரமைப்பு. குறையே இல்லை, இன்னும் சொன்னால் குழல் புதிது என்பதால் சுடுவதற்கு நல்லது. ரிசீவரின் வலது காலில் (கீழே நீளும் பகுதியில்) ஆர்.ஆர்.ஏ.டி. அல்லது எல்.இ.ஏ.டி. என்று தொடங்கி மாதம், ஆண்டு மின்பென்சிலால் எழுதியிருந்தால், ரெட் ரிவர் அல்லது லெட்டர்கென்னி கிடங்கில் எப்போது வேலை நடந்தது என்பதற்கு அதுவே ரசீது. அந்த ரசீதை அழித்துவிட்டு 'போர்க்கால அசல்' ஆக்கப் பார்ப்பவர்களைத் தடுக்க வழியில்லை. அரைத்த இடம் மட்டும் பாஸ்பேட் பூச்சில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

ஆப்பரேட்டிங் ராட் தனிக் கதை. ஆரம்ப ராடுகளில் தண்டும் கைப்பிடிப் பகுதியும் சேரும் மூலையில் கூர்மையான சதுர வெட்டு இருந்தது. அழுத்தம் அங்கே சேர்ந்து விரிசல் விட்டது. மறுசீரமைப்பில் அந்த மூலையை வளைவாகக் குடைந்து அழுத்தத்தைப் பரப்பினார்கள். குடையாத ராட் தப்பிப் பிழைத்தது அபூர்வம் என்பதால் சேகரிப்பாளர்களிடம் அதற்குத் தனி மவுசு. ஆனால் அதைப் பூட்டிச் சுடக் கூடாது. கலெக்டர் தரத்துக்காக ஒரு ராட், சுடுவதற்கு ஒரு ராட் என்று இரண்டு வைத்திருப்பதே முறை.

குழல் முனையில் வாயுவைப் பிடிக்கும் ஆரம்ப காலத்து கேஸ் டிராப் அமைப்புடன் ஏறக்குறைய ஐம்பதாயிரம் கரண்டுகள் வெளிவந்தன. அநேகமாக எல்லாவற்றையும் ராணுவமே பிறகு, குழலில் போட்ட துளை வழியாக வாயு எடுக்கும் அமைப்புக்கு மாற்றிவிட்டது. ஆகவே முழு கேஸ் டிராப் ரைபிள் விற்பனைக்கு வந்தால், 'புதிதாகச் செய்த முன்பாகங்களைப் பூட்டியது' என்பதே முதல் ஊகமாக இருக்கட்டும். ஆவணத்தோடு வந்து விற்பவர் அதை மறுக்கட்டும்.

லீ என்ஃபீல்டும் மோசினும்

பிரிட்டிஷ் மறுசீரமைப்புக்கு எஃப்.டி.ஆர். என்று பெயர், ஆலையில் முழுப் பழுதுபார்ப்பு என்பதன் சுருக்கம். லீ என்ஃபீல்டு வகையான நம்பர் 4 ரைபிளின் ரிசீவர் இடப்பக்கத்தில் அந்த மூன்று எழுத்துகளும் ஆண்டும் இருக்கும். அடைப்புக்குறிக்குள் எஃப் இருந்தால் ஃபசாகெர்லி ஆலை. எஃப்.டி.ஆர். ரைபிளை நான் கலவை என்றே எண்ண மாட்டேன். அரசு ஆலை அதை மறுபடி ஒரு முறை பிறக்கவைத்திருக்கிறது. பழைய மார்க் 1, டிரிகரை ரிசீவரிலேயே தொங்கவிட்டு மார்க் 1/2 ஆனதும், மார்க் 1 ஸ்டார் மார்க் 1/3 ஆனதும் இந்தச் சுற்றில்தான்.

இங்கே பொருத்தம் பார்க்கும் இடங்கள் குறைவு: ரிசீவரின் பின்பகுதி, போல்ட் கைப்பிடியின் பின்புறம், முன்கட்டை நுனியின் அடிப்பக்கம். போல்ட் தலையில் ரைபிள் எண் இருக்காது. நம்பர் 4-இன் போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என்று அளவு வாரியாக வரும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட 0.003 அங்குலம் நீளம். பழுதுபார்ப்பாளர் எது பொருந்துகிறதோ அதைப் போட்டார். ஆகவே போல்ட் தலையில் 2 என்று இருப்பதைப் பார்த்து 'வேறு ரைபிளுடையது' என்று பேரம் பேசுவது அறியாமை. ஆனால் 3 இருந்தால் யோசியுங்கள். அதற்கு மேல் போட அளவு கிடையாது; லாக்கிங் பகுதிகள் தேய்ந்திருக்கின்றன என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

டி.பி. என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால் விலகிவிடுங்கள். பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் என்று ஒதுக்கியது அது. சுட லாயக்கில்லை என்று தீர்மானித்த பாகங்களும் அதில் இருக்கலாம். அப்படிப்பட்ட பாகங்கள் பிரிந்து வேறு ரைபிள்களுக்குள் புகுந்துவிடுகின்றன. எழுத்தை அரைத்து நீக்கிய பள்ளம் போல்ட்டிலோ கட்டையிலோ இருந்தால் அதே காரணத்துக்காக விலகல் நல்லது.

மோசின் 91/30 சுருக்கமாக. சோவியத் கிடங்குகளில் மறுசீரமைத்த ரைபிளின் அடையாளம் தெளிவு: அரக்குக் கட்டை, போல்ட்டிலும் அடித்தகட்டிலும் பட் பிளேட்டிலும் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் புது எண், குறுக்குக் கோடு போட்ட சிறு சதுரம் போன்ற கிடங்குக் குறிகள். எண்ணிக்கை மிக அதிகம் என்பதால் அப்படியே ஒன்று வேண்டும் என்பதைத் தவிரச் சேகரிப்பு மதிப்பு குறைவு. ஆனால் அந்தப் பெருங்கும்பலுக்குள் சில மறைந்திருக்கின்றன: 1930-களின் நடுப்பகுதி வரையிலான ஆறுபட்டை ரிசீவர்கள், பின்லாந்து ராணுவச் சொத்து என்பதைக் குறிக்கும் சதுரத்துக்குள் எஸ்.ஏ. முத்திரை விழுந்தவை, ஸ்னைப்பராக இருந்து பிறகு சாதாரண ரைபிளாக்கப்பட்டவை. கடைசி வகையில் ரிசீவர் இடப்பக்கத்தில் தொலைநோக்கித் தாங்கியின் துளைகளைத் திருகால் அடைத்து மேலே சமப்படுத்தியிருப்பார்கள். கட்டையிலிருந்து கழற்றினால்தான் சரியாகத் தெரியும். அடைத்த துளைகளை மறுபடி திறந்து, புதிய தாங்கியும் தொலைநோக்கியும் பூட்டி 'ஸ்னைப்பர்' என்று விற்கும் ரைபிளைவிட, அடைத்தபடியே இருப்பதுதான் என் கண்ணுக்கு உயர்ந்தது.

சுவிஸ் கே31-இல் பேரமே வேண்டாம். ரிசீவர், போல்ட், மேகசின் வரை எண் பொருந்திய ரைபிள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதில் கலவையை வாங்க ஒரு காரணமும் இல்லை. பொருத்தம் அபூர்வமான இடத்தில்தான் கலவைக்கு மன்னிப்பு கிடைக்கும்.

ஓர் எண்ணை எப்படிப் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்றும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க ஒரு சிறு டார்ச்சும் போதும். ஒளியை நேராக அடிக்காதீர்கள்; உலோகத்தோடு ஒட்டியபடி, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் விடுங்கள்.

ஆலையில் எண் அடித்த பிறகுதான் பூச்சு வந்தது. ஆகவே இலக்கத்தின் பள்ளத்துக்குள்ளும் வெளிப்பரப்பின் அதே நிறம், அதே தேய்மானம் இருக்க வேண்டும். பின்னால் அடித்த எண் அந்தப் பூச்சைக் கிழித்திருக்கும். பள்ளத்தின் அடியில் வெள்ளை உலோகம் மின்னும். அதை மறைக்கக் குளிர்ப்பூச்சு (சூடாக்காமல் கையால் தடவும் கருநீலப் பூச்சு) தடவியிருந்தால் சாம்பல் கலந்த நீலமாக, பக்கத்துப் பரப்பிலிருந்து ஒரு நூலளவு விலகித் தெரியும். அந்தப் பூச்சுக்கு ஒரு வாடையும் உண்டு; விரலால் தேய்த்து முகர்ந்தால் சில சமயம் மாதக்கணக்கில் கூட நிற்கும். அடுத்து இலக்கத்தின் கரை. உளி இறங்கும்போது உலோகம் பக்கங்களில் சிறு வரப்பாக எழும்பும். எண்பது ஆண்டு கை பட்ட ரைபிளில் அந்த வரப்பு மழுங்கியிருக்கும். விரல் நுனியில் கூர்மையாக இடறினால் அது நேற்றைய வேலை.

மூன்றாவது எழுத்துரு. ஒரே ரைபிளில் 4 ஒரு இடத்தில் மேலே திறந்தும், இன்னோர் இடத்தில் மூடியும் இருந்தால் நிற்க வேண்டும். பாகத்துக்குப் பாகம் உளியின் அளவு மாறுவது சகஜம், ஏனென்றால் வேறு வேறு மேசையில் அடித்தார்கள். ஆனால் அதே ஆலை, அதே ஆண்டின் உறுதியான ரைபிள்களில் அந்தப் பாகத்தில் எந்த உரு வருகிறதோ அதுதான் இங்கும் வர வேண்டும். இலக்கத்தைச் சுற்றி ஒரு சிறு குழிவு தெரிந்தால், பழைய எண்ணை அரைத்த இடம் என்று பொருள். கோடு கிழிக்காமல் அரைப்பதை ஆர்சனல்களும் செய்திருக்கின்றன. ஆகவே அது ஒன்றே குற்றச்சாட்டு ஆகாது. கார் 98கே என்றால் கட்டையைக் கழற்றிக் குழல் படுக்கும் பள்ளத்தையும் மேல்கட்டையின் உட்பக்கத்தையும் பாருங்கள். மரத்துக்குள் இருக்கும் எண்ணைப் போலி செய்ய மறந்துவிடுகிறார்கள்.

மரமும் பேசும். பட் பிளேட்டின் விளிம்பு மரத்தைவிட எழும்பி நின்றால் யாரோ மணல்தாள் போட்டிருக்கிறார்கள். மரத்தைத் தேய்த்த பிறகும் கூர்மையாக நிற்கும் முத்திரை, தேய்த்த பிறகு அடித்த முத்திரை.

சுடுவதாக இருந்தால்

எண் பொருந்தாத போல்ட்டோடு வரும் எந்த ரைபிளையும் ஹெட்ஸ்பேஸ் பார்க்காமல் சுடாதீர்கள். போல்ட் முகத்துக்கும் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அதிகமானால் தோட்டாக்கூடு அடிப்பகுதிக்கு மேல் இழுபட்டுப் பிளக்கும். வாயு பின்னால், முகத்தை நோக்கி வரும். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் எக்ஸ்ட்ராக்டரையும், எஜெக்டர் போல்ட்டிலேயே இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, கோ, நோ-கோ, ஃபீல்டு என்ற மூன்று அளவுக்கட்டைகளால் பார்க்க வேண்டும். விரல் அழுத்தம் மட்டும். கைப்பிடியை அமுக்கினால் பொய்யான விடை வரும். கோ-வில் மூட வேண்டும். ஃபீல்டில் மூடினால் அந்த ரைபிள் சுவருக்கு. .303-க்கு கோ 0.064 அங்குலம், ராணுவ ஃபீல்டு அளவு 0.074. கை பழகாதவர் துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்துப் பார்ப்பதே சரி.

மோசின் போல்ட்டைக் கழற்றிப் பூட்டினால் ஃபயரிங் பின் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று பாருங்கள். ராணுவம் கொடுத்த கருவியிலேயே 75, 95 என்று இரண்டு வெட்டுகள் உண்டு. பின்நுனி 95-இல் உரசாமல் போக வேண்டும், 75-இல் தொட வேண்டும். அதிகம் நீட்டினால் பிரைமரைத் துளைக்கும். தேய்ந்த முனையைக் குடைந்து உள்ளே தள்ளிய குழல்கள் மறுசீரமைத்த மோசின்களில் நிறைய. முனையை நேராகப் பார்த்தால் உள்ளே ஒரு படி தெரியும். குறி துல்லியம் அநேகமாகக் கெடாது, ஆனால் பேரத்துக்கு உதவும்.

அமெரிக்க எம்1903-இல் இது வேறு வகை ஆபத்து. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 800,000-க்கும், ராக் ஐலண்டின் 285,507-க்கும் கீழான எண்கொண்ட ரிசீவர்கள் ஆரம்பகால வெப்பச் சிகிச்சையால் நொறுங்கும் தன்மை கொண்டவை. எல்லாப் பாகமும் அசலாக, எண் அழகாக இருந்தாலும் அவை கண்ணாடிப் பெட்டிக்குத்தான். வெட்டி அழித்த ரிசீவரை மறுபடி வெல்டிங் வைத்து உருவாக்கிய கரண்டுகளும் அதே வரிசையில் வரும். போல்ட் ஓடும் தண்டவாளத்தில் நடுவே தையல் தெரிந்தாலோ பூச்சின் நிறம் ஒரு குறுக்குப் பட்டையில் மாறினாலோ விட்டுவிடுங்கள்.

பாகம் தேடி 'சரி' செய்யலாமா

பலரை ஏமாற்றுவது இந்த ஆசைதான். கலவையைச் சல்லிசாக வாங்கி, ஒவ்வொன்றாகச் சரியான பாகம் சேர்த்து, மேல்தட்டு ரைபிள் ஆக்கிவிடலாம் என்ற கணக்கு. வாங்கும் முன்பு ஒரு தாளில் எழுதுங்கள்: தேவையான பாகங்கள் ஒவ்வொன்றின் விலை, அனுப்பும் செலவு, தவறாக வாங்கப்போகும் ஒன்றிரண்டு. கரண்டில் சரியான திருத்தத்தின் ராட், 'லாக் பார்' எனும் பூட்டுப் பட்டை வகைப் பின்சைட், முத்திரையுள்ள கட்டை மூன்றுமே மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். கூட்டினால் ஏற்கெனவே அசலாக இருக்கும் ரைபிளின் விலையைத் தாண்டிவிடுகிறது, கிடைப்பதோ 'கரெக்ட்' மட்டும்.

விதிவிலக்கு உண்டு. வேட்டைக்காகக் கட்டையை மட்டும் வெட்டி, ரிசீவரையும் குழலையும் பின்சைட்டையும் தொடாமல் விட்ட ரைபிளுக்கு முழுக்கட்டை தேடிப் பூட்டுவது நியாயம். எதையும் அழிக்கவில்லை, மீட்கிறீர்கள். ரிசீவரில் தொலைநோக்கிக்காகத் துளை போட்டது, போல்ட் கைப்பிடியை வெட்டி வளைத்தது, குழலைக் குறைத்தது என்றால் மீட்கவே முடியாது. காணாமல் போன சுத்தக் கம்பி, பூட்டுத் திருகு, முன்சைட் மூடி போன்றவற்றைச் சேர்ப்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் ரஷ்யக் கைப்பற்றல் ரைபிளின் அரக்கைக் கழற்றிவிட்டு எண்ணெய் தேய்த்து 'ஜெர்மானியமாக்குவது' இரண்டு வரலாற்றையும் ஒரே நேரத்தில் அழிப்பது. மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சிறு பையில் போட்டு, எண்ணும் தேதியும் எழுதி ரைபிளோடு வைத்திருங்கள். அடுத்து வாங்குபவர் கேட்பார்.

தேர்வு

முதலீடாக, பெட்டியில் வைத்துப் பார்க்க, இருபது ஆண்டு கழித்து விற்க: ஒன்றே ஒன்று, அசல் பொருத்தம், கையில் ஆவணம் இருந்தால் நல்லது. அதற்குப் பணம் போதவில்லை என்றால் அரைகுறைப் பொருத்தத்தில் சமரசம் செய்யாமல் காத்திருங்கள். போல்ட் மட்டும் வேறு, மற்றதெல்லாம் அசல் என்ற கார் 98கே-தான் அரிதான நல்ல சமரசம். போரிலிருந்து வீடு திரும்பிய ரைபிள்கள் பலவற்றில் போல்ட்தான் முதலில் பிரிந்தது.

வரலாற்றுக்காக, சில நேரம் சுடவும்: ஆர்சனல் மறுசீரமைப்பு. எஃப்.டி.ஆர். என்ஃபீல்டும், கிடங்குக் குறியுள்ள கரண்டும், யுகோஸ்லாவிய மவுசரும் இதில் முன்வரிசை. பின்லாந்து எம்39 இரண்டு பக்கமும் நிற்கும் விசித்திரம்.

குறிகளைப் படித்துப் பழக: ரஷ்யக் கைப்பற்றல் கார் 98கே. ஒரு ரைபிளில் ஆறேழு ஆலைகளின் ஆய்வு எண்கள் கிடைக்கும்.

எந்த விலையிலும் வேண்டாதது, தெரியாத கையால் எண் அடித்துப் பொருத்தமாக்கியது. அதைக் கலவை என்று விற்றிருந்தால்கூட ஒரு விலை இருந்திருக்கும்.

இணையத்தில் வாங்கினால், பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய படங்கள்: போல்ட்டைக் கழற்றி கைப்பிடி அடியும் முகமும், ரிசீவரின் இரு பக்கமும், குழலின் எண்ணும் தேதியும், கட்டையின் உட்பள்ளம், அடித்தகட்டின் வெளியும் உள்ளும், முனையில் நேராக ஒன்று, இறக்குமதியாளர் முத்திரை இருந்தால் அது. 1968 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குள் இறக்குமதியானவற்றில் அந்த முத்திரை இருக்க வேண்டும். குழலிலோ ரிசீவரிலோ அதை நிரப்பி மெருகேற்றிய அடையாளம் தெரிந்தால், 'போர்வீரர் வீட்டுக்குக் கொண்டுவந்தது' என்ற வாய்மொழிக் கதையை அங்கேயே நிறுத்திவிடலாம். கட்டையைக் கழற்றுவது பத்து நிமிட வேலை. அதற்கு மறுப்பவரிடம், கழற்றாத ரைபிளுக்கு என்ன விலையோ அதை மட்டும் சொல்லுங்கள்.